கிராமத்துச் சிறுமி தன்னையே நடித்தால் அது ஏமாற்று வேலையா?

கேள்வி: கிராமத்தில் வளரும் சில சிறுமிகளைப் பற்றி ஒரு சுயாதீன டாக்குஃபிக்ஷன் (ஆவணப்படமும் கதையும் கலந்த) படம் பார்த்தேன். சிறுமிகள் தங்கள் சொந்தப் பெயரிலேயே, சொந்த வீட்டிலேயே வருகிறார்கள். ஆனால் சில காட்சிகள் எழுதி எடுத்தவை என்று இயக்குநரே சொல்கிறார். எது நிஜம், எது கற்பனை என்று பிரிக்க முடியவில்லை. இது பார்வையாளரை ஏமாற்றுவது ஆகாதா?

பதில்:

ஆகாது. ஆனால் உங்களுக்கு வந்த சந்தேகம் சரியான சந்தேகம்தான். இப்படிப்பட்ட சின்னப் படங்களுக்கு எடிட்டிங் செய்கிற ஆள் என்பதால் கொஞ்சம் உள்ளிருந்து சொல்கிறேன்.

முதலில், கலப்படம் இல்லாத ஆவணப்படம் என்று ஒன்று ஆரம்பத்திலிருந்தே கிடையாது. 1922-இல் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி எடுத்த 'நானூக் ஆஃப் த நார்த்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட கனடாவின் பனிப் பகுதியில் வாழ்ந்த நானூக் என்கிற இனுயிட் இன வேட்டைக்காரரையும் அவர் குடும்பத்தையும் பற்றிய படம். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்பதால், ஒரு பக்கம் திறந்திருக்கிற பெரிய பனிவீட்டைக் கட்டவைத்துத்தான் குடும்பம் தூங்கி எழும் காட்சியை எடுத்தார். நானூக் என்பது அந்த மனிதரின் பெயரும் இல்லை, மனைவியாக வந்தவர் அவர் மனைவியும் இல்லை. இதையெல்லாம் படம் பார்வையாளரிடம் சொல்லவில்லை. உங்கள் இயக்குநர் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் நேர்மை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சரி, சிறுமிகள் விஷயத்துக்கு வருவோம்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியைக் கேமரா முன் உட்காரவைத்து "நீ என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால், பள்ளி ஆண்டு விழாவில் சொல்கிற பதிலைத்தான் சொல்வாள். மேலே படிப்பேன், டீச்சர் ஆவேன், வீட்டைக் காப்பாற்றுவேன். அதில் பொய் இல்லை, ஆனால் அவளும் இல்லை. நான் எடிட் செய்த ஒரு படத்தில் இப்படிப்பட்ட பேட்டிகள் மணிக்கணக்கில் இருந்தன. எதையும் பயன்படுத்த முடியவில்லை. பிறகு இயக்குநர் ஒரு வேலை செய்தார். அவளை அம்மாவாக நடிக்கச் சொன்னார், அவளுடைய தோழியை மகளாக. மகள் வெளியூரில் போய்ப் படிக்க அனுமதி கேட்க வேண்டும், அம்மா மறுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். வசனம் கிடையாது.

அம்மாவாக நடித்தவள் எடுத்த எடுப்பில் தோழியைத் தன் முன்னால் உட்காரவைத்துத் தலை பின்ன ஆரம்பித்தாள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "நீ போயிட்டா ஆட்டை யாரு பார்ப்பா? அண்ணனா பார்ப்பான்?" என்று கேட்கும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் பின்னலை இறுக்கிக்கொண்டே போனது. தோழியின் தலை ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் சாய்ந்தது. "போக வேண்டாம்னு நான் சொல்லலை, இப்போ வேண்டாம்கிறேன்" என்று சொல்லி ரிப்பனை முடிந்தாள். வீட்டில் மறுப்பு எப்படி வருகிறது என்பதை அந்தக் கை அவ்வளவு துல்லியமாகக் காட்டியது. சூழ்நிலை கற்பனை. கையும் குரலும் ஆவணம். இரண்டையும் பிரித்துக் காட்டு என்றால் எனக்கும் தெரியாது.

இன்னொரு காரணம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு சிறுமி கேமராவைப் பார்த்து "எங்க அப்பா குடிச்சிட்டு அடிப்பார்" என்று பேட்டி கொடுத்தால், படம் திரையிட்டு முடிந்து குழுவினர் வண்டி ஏறிப் போய்விடுவார்கள். அவள் அதே வீட்டில், அதே தெருவில் இருக்க வேண்டும். அதே விஷயத்தைக் கதையாக நடித்தால், "அது சும்மா படத்துக்காகச் சொன்னது" என்று சொல்லித் தப்பிக்க ஒரு கதவு அவளுக்குத் திறந்திருக்கும். நடிப்பு இல்லாமல் நடப்பதை அப்படியே எடுக்கிற படத்தில் அந்தக் கதவு இல்லை. வடக்கு வியட்நாமின் மலைப்பகுதியில் வாழும் ஒரு மோங் இனச் சிறுமியைப் பற்றிய 'சில்ட்ரன் ஆஃப் த மிஸ்ட்' (2021) படத்தில், கல்யாணத்துக்காக அவளை இழுத்துக்கொண்டு போகும் காட்சி வரும். அவள் படம் எடுத்துக்கொண்டிருக்கும் இயக்குநர் ஹா லே ஜியெமையே உதவிக்குக் கூப்பிடுவாள். அந்தக் காட்சியில் யாருக்குமே ஒளிய இடம் இல்லை, பார்க்கிற நமக்கும்.

ஆனால் இந்தக் கதவை இயக்குநரும் பயன்படுத்திக்கொள்ளலாம். அங்கேதான் உங்கள் சந்தேகம் வேலைக்கு வரும். பெரியவர்களுடைய கருத்தைச் சிறுமியின் வாயில் திணித்துவிட்டு "அவளே சொன்னாள்" என்று விட்டுவிடுவது சுலபம். பார்க்கும்போதே ஓரளவு பிடிபட்டுவிடும். சிறுமி திடீரென்று மேடைப் பேச்சு போலப் பேசினால், அவள் எப்போது அழுவாள் என்று கேமரா காத்துக்கொண்டு நின்றால், வேலை செய்கிற காட்சியில் வேலை முடிகிற வரை பார்க்காமல் அழகான ஒரு கோணத்தோடு கட் செய்துவிட்டால், எனக்கு நம்பிக்கை போய்விடும். வயல்வெளி, அந்தி வெளிச்சம், ஓடுகிற சிறுமி, பின்னால் புல்லாங்குழல் என்று வந்தால் சொல்லவே வேண்டாம்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷ் 1958-இல் 'முவா, அன் நுவார்' எடுத்தபோது, மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் நகரத்துக்குப் பிழைக்க வந்த நைஜர் நாட்டு இளைஞர்களைத் தங்கள் வாழ்க்கையையே நடிக்க வைத்தார். பட்டப்பெயர்கள் அவர்களுடையவை. காட்சியோடு சேர்த்து ஒலி பதிவு செய்ய அப்போது வசதி இல்லை. அதனால் எடுத்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டி, பார்த்துக்கொண்டே அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார். வசதிக் குறைவில் பிறந்த முறைதான், ஆனால் கதை சொல்கிற உரிமை பாதியாவது அவர்கள் கைக்குப் போனது. சிறுமிகளோடு படம் எடுக்கிறவர்கள் இன்றைக்கும் இதைச் செய்யலாம், செலவும் பெரிதாக ஆகாது.

சுயாதீனப் படங்களுக்கு இன்னொரு வினோதமான அனுகூலம் உண்டு: பணம் இருக்காது. ஒரு விடுமுறையில் கொஞ்சம் எடுப்பார்கள், பணம் தீர்ந்துவிடும், அடுத்த விடுமுறையில் மீண்டும் வருவார்கள். அதற்குள் சிறுமி வளர்ந்துவிடுவாள். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும், விழுந்த பல் முளைத்திருக்கும், முன்பு கேமராவைப் பார்த்துச் சிரித்தவள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எடிட்டருக்கு இது தலைவலி, காட்சிகளை இஷ்டத்துக்கு இடம் மாற்ற முடியாது. ஆனால் வளர்வதை எந்த இயக்குநராலும் எழுதி எடுக்க முடியாது. படத்தில் கேள்வி கேட்காமல் நம்பக்கூடிய ஒன்று அதுதான்.

சம்மத விஷயமும் இதோடு சேர்ந்தது. பதினொரு வயதில் "சரி" என்று தலையாட்டியவளுக்குப் படம் முடியும்போது பதினான்கு வயதாகியிருக்கும். பெற்றோர் போட்ட கையெழுத்து மட்டும் போதாது. எடிட்டிங்கை முடித்துப் படத்தை லாக் செய்வதற்கு முன்னால் அவளுக்கே போட்டுக் காட்டி, வேண்டாம் என்கிற ஷாட்டை எடுத்துவிட வேண்டும். நல்ல ஷாட் போகும். போகட்டும்.

இதே வகையில் இன்னொன்று பார்க்க வேண்டுமென்றால் ராபர்ட்டோ மினர்வினியின் 'ஸ்டாப் த பவுண்டிங் ஹார்ட்' (2013) பாருங்கள். டெக்சாஸில் ஆடு வளர்க்கிற, கடவுள் பக்தி மிகுந்த ஒரு குடும்பம், அதில் ஒரு பதின்வயது மகள். குடும்பத்தினர் தங்களையே நடித்திருக்கிறார்கள். எது எழுதியது என்று தேடிக்கொண்டே பார்த்தால் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும். அவள் வேலை செய்யும்போது கையையும், அம்மா பேசும்போது அவள் முகத்தையும் பாருங்கள்.