பேஸ்புக்கில் வாங்கிய பம்பும் வாசலுக்கு வந்த வடிகட்டியும்: பணம் திரும்பி வருமா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் தோட்டம் செய்கிறேன். பேஸ்புக் பக்கம் ஒன்றில் இரண்டு அங்குல, ஃபோர்-ஸ்ட்ரோக் தண்ணீர் பம்ப் என்று படம் போட்டிருந்தார்கள். 38,500 ரூபாயைக் கூரியர்காரரிடம் காசாகக் கொடுத்து எடுத்தேன். பெட்டிக்குள் இருந்தது ஒன்றரை அங்குல, டூ-ஸ்ட்ரோக் பம்ப். அன்றைக்கே வட்ஸ்அப்பில் சொன்னேன், "உடைத்த பெட்டியை எடுக்க மாட்டோம்" என்றார்கள். இப்போது ஐந்து வாரம். இதற்கிடையில் வான் வண்டியில் வந்த ஒரு குழு அம்மாவிடம் தண்ணீர் வடிகட்டி ஒன்றைத் தவணைக்கு விற்று, அடையாள அட்டையையும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் தவணை குறையும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் அண்ணா 14 நாளுக்குள் எதையும் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறார். உண்மையா?

பதில்: அண்ணா சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்திலோ வீட்டு வாசலிலோ வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. மனம் மாறிவிட்டது என்பதற்காக இங்கே பொருளைத் திருப்ப முடியாது. சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்றால் கதை மாறிவிடும். விவரணையைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் வியாபாரி தவறாக வழிநடத்துவதையும் பொய்யான விவரம் சொல்வதையும் தடுக்கின்றன. வட்ஸ்அப்பில் பேசி முடித்ததுதானே, ஒப்பந்தம் எங்கே என்று கேட்டால், 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கிறது. இலத்திரனியல் வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது.

ஆகவே பம்ப் விடயத்தில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. அன்றைக்கே எழுத்தில் சொன்னது உங்களுக்குக் கிடைத்த பெரிய பிடி. அதைக் கெடுத்துவிடாமல் இருக்க, இனி அந்தப் பம்பைத் தோட்டத்தில் இறக்கவே வேண்டாம். பெட்டியைத் திறந்து பார்ப்பதும் ஒருமுறை இயக்கிப் பார்ப்பதும் சோதனை. தொடர்ந்து தண்ணீர் இறைத்தால் நீங்கள் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு: டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும். பிறகு பழுதாக்கியது நீங்கள்தான் என்பார்கள்.

அடுத்தது ஆதாரம். பம்பின் வாயில் டேப்பை வைத்து அளந்து படம் எடுங்கள். விளம்பரத்தில் சொன்ன இரண்டு அங்குலம் ஏறக்குறைய 50 மில்லிமீற்றர், உங்களுக்கு வந்த ஒன்றரை அங்குலம் ஏறக்குறைய 38. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் வாயின் பரப்பு 56 வீதமாகக் குறைந்துவிடுகிறது, கிட்டத்தட்ட பாதி. முறைப்பாட்டில் "சின்ன பம்பைத் தந்துவிட்டார்கள்" என்று எழுதுவதைவிட இந்த அளவை எழுதுவது நூறு மடங்கு வேலை செய்யும். எஞ்சின் இலக்கத் தகடு, பெட்டியின் ஆறு பக்கங்கள், கூரியர் ஒட்டிய சிட்டை எல்லாவற்றையும் படம் எடுங்கள். அந்தச் சிட்டையில் உள்ள பொதி இலக்கம் மிக முக்கியம். அனுப்பியவர் யார், அந்தக் காசு யாருக்குப் போனது என்ற பதிவு கூரியர் நிறுவனத்திடம் அந்த இலக்கத்தின் கீழ்தான் இருக்கும். உங்களிடம் சொல்ல மறுத்தாலும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையோ பொலிஸோ கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

வட்ஸ்அப் உரையாடலைப் படம் பிடிக்கும்போது பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. விற்றவரை "பம்ப் கடை" என்று போனில் சேமித்திருந்தால் படத்தில் அந்தப் பெயர்தான் விழும், இலக்கம் விழாது. அவருடைய விவரப் பக்கத்தைத் திறந்து, இலக்கம் தெரியத் தனியாக ஒரு படம் எடுங்கள். குரல் பதிவுகளை வேறு இடத்தில் சேமியுங்கள். பேஸ்புக் பக்கத்தில் "பக்க வெளிப்படைத்தன்மை" என்ற பகுதியைத் திறந்தால் பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, எத்தனை முறை பெயர் மாறியது என்பவை தெரியும். விற்றவர் உங்களைத் தடுத்துவிட்டால் உங்கள் கணக்கிலிருந்து பக்கம் தெரியாது. அதனால் இதை இன்றைக்கே செய்யுங்கள், சண்டை பிடிப்பது பிறகு.

பிறகு விற்றவருக்கு ஒரேயொரு தகவல் அனுப்புங்கள், திட்டாமல்: "இன்ன திகதி, இன்ன பொதி இலக்கம், 38,500 ரூபாய். விளம்பரத்தில் 50 மி.மீ. ஃபோர்-ஸ்ட்ரோக், வந்தது 38 மி.மீ. டூ-ஸ்ட்ரோக். நான் இதை ஏற்கவில்லை. 7 நாளுக்குள் உங்கள் செலவில் பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள்."

ஏழு நாளில் பதில் வராவிட்டால் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் அலுவலர்கள் அங்கே இருக்கிறார்கள், உங்களுக்கு முல்லைத்தீவு. 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஆனால் அழைப்பு மட்டும் போதாது. சட்டத்தின் 13ஆம் பிரிவு முறைப்பாட்டை எழுத்தில் கேட்கிறது, அதுவும் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள். உங்களுக்கு ஐந்து வாரம் கழிந்துவிட்டது, மிஞ்சியிருப்பது ஏறக்குறைய ஏழோ எட்டோ வாரம். "நாளைக்குத் தாறம், அடுத்த கிழமை தாறம்" என்று விற்றவர் இழுத்தடிப்பது பல நேரம் இந்தக் காலம் கடக்கத்தான். கடிதத்தின் ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். விசாரணையின் பின் பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகாரசபை உத்தரவிடலாம். கொடுக்காவிட்டால் அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றம் தண்டப்பணம்போல் அறவிடும்.

இதெல்லாம் விற்றவருக்கு ஒரு பெயரும் முகவரியும் இருந்தால்தான் நடக்கும். அவர் யாரென்றே தெரியவில்லை, போனும் ஓய்ந்துவிட்டது என்றால் அது ஏமாற்றுதல் என்ற குற்றம், பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டிய விடயம். உங்கள் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். விற்றவரின் முகவரி தெரிந்து, அவர் பேசவும் தயாராக இருந்தால் மத்தியஸ்த சபையும் ஒரு வழி. அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

இனி வாங்கும்போது, பொதியைத் திறந்து பார்த்த பிறகு காசு தரலாமா என்று ஓடர் போடும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான கூரியர்கள் காசு வாங்காமல் திறக்க விடுவதில்லை, சந்தியில் நின்று கூப்பிட்டு அவசரப்படுத்தவும் செய்வார்கள். அப்படியானால் குறைந்தது எடையைப் பாருங்கள். இரண்டு அங்குல ஃபோர்-ஸ்ட்ரோக் பெட்ரோல் பம்ப் பொதுவாக 20 கிலோவை ஒட்டி இருக்கும், ஒரு கையால் இலேசாகத் தூக்க முடிந்தால் காசு கொடுக்காமல் திருப்பி அனுப்புங்கள். திறக்கும்போது சிட்டையிலிருந்து தொடங்கி இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். வாரண்டி என்றால் யார் தரும் வாரண்டி, பழுது பார்ப்பது கிளிநொச்சியிலா வவுனியாவிலா கொழும்பிலா, கொண்டுபோகும் செலவு யாருடையது என்று கேளுங்கள். இருபது கிலோ இயந்திரத்தைக் கொழும்புக்கு அனுப்பி எடுக்கும் செலவையும் கணக்கில் சேர்த்தால், பரந்தன் கடையில் கொஞ்சம் கூடிய விலைக்கு வாங்குவதே மலிவு என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். போன் வாங்கினால் *#06# அழுத்தி வரும் 15 இலக்கத்தை, ஐஎம்ஈஐ என்ற ஆங்கிலச் சொல்லின் பின் ஒரு இடைவெளி விட்டு எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, அந்தப் போன் பதிவானதா என்று பாருங்கள். பூச்சி மருந்தையும் களைநாசினியையும் பேஸ்புக்கில் வாங்கவே வேண்டாம். 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற்றவர்தான் அவற்றை விற்கலாம். வீட்டில் வயதானவர்களிடம், "மகன் ஓடர் போட்டது, காசு கட்டுங்கோ" என்று யார் பொதி கொண்டுவந்தாலும், பிள்ளையிடம் போனில் கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

இப்போது வடிகட்டி. வான்காரர்கள் அம்மாவிடம் என்ன காட்டி விற்றார்கள் என்று கேளுங்கள். இரண்டு கிளாஸ் தண்ணீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்து, உங்கள் கிணற்றுத் தண்ணீர் மண்ணிறமாகக் கலங்குவதைக் காட்டியிருந்தால், அது தண்ணீரின் அழுக்கு அல்ல. ஒரு கம்பி இரும்பு, தண்ணீரில் உப்புகள் இருப்பதால் மின்சாரம் ஓடுகிறது, இரும்பு கரைந்து துருவாகிறது. வடிகட்டிய தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் ஓடவில்லை, அதனால் தெளிவாக நிற்கிறது. அந்தத் தெளிந்த கிளாஸுக்குள் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொன்னால் அதுவும் கலங்கும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோயைப் பற்றி எல்லோருக்கும் இருக்கும் பயத்தை வைத்து இப்படி வியாபாரம் செய்வது கொடுமை.

சிலர் டிடிஎஸ் மீற்றரைக் காட்டுவார்கள். அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் சொல்லும். கிருமியையோ புளோரைட்டையோ அது காட்டாது. இலங்கையின் குடிநீர் நியமமான எஸ்எல்எஸ் 614இன்படி கரைந்த திண்மங்கள் லீற்றருக்கு 500 மில்லிகிராம், மொத்த வன்மை 250, புளோரைட் 1 என்பவை எல்லைகள். உங்கள் கிணறு இவற்றைத் தாண்டுகிறதா என்பதைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். தாண்டினால் வடிகட்டி தேவைதான். ஆனால் மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உப்பை நீக்கும் ஆர்ஓ வடிகட்டி என்றால், அதன் முன்வடிகட்டிகளைச் சில மாதத்துக்கு ஒருமுறையும் மெம்பிரேன் என்ற அந்தச் சவ்வை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். ஒரு லீற்றர் குடிநீருக்கு அதைவிடக் கூடிய தண்ணீர் வெளியே போகும். வருடத்துக்கு உதிரிச் செலவு எவ்வளவு என்று கேட்டால் வான்காரர் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார்.

தவணையைக் கூட்டிப் பாருங்கள். உதாரணத்துக்கு, முற்பணம் 10,000, மாதம் 6,500 வீதம் 18 மாதம் என்றால் மொத்தம் 127,000 ரூபாய். உடன் விலை 89,000 என்று சொன்ன பொருளுக்கு 38,000 கூடுதல். 1982ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின்படி வாடகைக் கொள்வனவு ஒப்பந்தம், அதாவது தவணை கட்டி முடிந்ததும் பொருள் சொந்தமாகும் ஒப்பந்தம், எழுத்தில் இருக்க வேண்டும், உடன் விலையும் தவணை விலையும் அதில் தெரிய வேண்டும். அம்மா கையெழுத்திட்ட பத்திரத்தின் பிரதியை முதலில் கேளுங்கள். கடன் கொடுத்தது விற்ற கொம்பனியா, வேறு நிதி நிறுவனமா என்று அதில் பாருங்கள். பத்திரத்தைப் பார்க்காமல் தவணையைச் சடுதியாக நிறுத்த வேண்டாம், நிலுவை, தண்டவட்டி, பிணை நின்றவர் என்று இழுபடும். மாறாக, பொய்யான பரிசோதனையைக் காட்டி விற்றதால் பொருளைத் திருப்புகிறோம் என்று பதிவுத் தபாலில் எழுதி, அதன் பிரதியோடு பம்ப் முறைப்பாடு கொடுக்கும் அதே மேசையில் இதையும் கொடுங்கள். கிராம சேவகரின் கடிதம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் குழம்ப வேண்டாம். அது ஊருக்குள் வர அனுமதி, பொருளின் தரத்துக்குச் சான்று அல்ல.

அடையாள அட்டைப் படத்தை இனித் திரும்பப் பெற முடியாது. அம்மாவின் பெயரில் வேறு கடன் ஏறியிருக்கிறதா என்று கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை வங்கி வழியாக எடுத்துப் பாருங்கள். இனிப் பிரதி கொடுக்க நேர்ந்தால், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் அதன்மேல் குறுக்கே எழுதுங்கள்.

மூன்று பேரைச் சேர்த்தால் தவணை குறையும் என்பதை அம்மா எந்தக் காரணம் கொண்டும் செய்யக் கூடாது. பொருளை விற்பதைவிட ஆள் சேர்ப்பதில்தான் பலன் என்றால், அது 1988ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவு தடைசெய்யும் பிரமிட் திட்டமாக இருக்கலாம். தொடங்கியவர் மட்டுமல்ல, அதை ஊக்குவிப்பவரும் சட்டத்தில் அகப்படுவார். பக்கத்து வீட்டாரை அழைக்கும் முன் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்து, அந்தக் கொம்பனியின் பெயரையும் அவர்கள் சொன்ன கணக்கையும் சொல்லிக் கேளுங்கள்.