பல் மருத்துவ நுழைவுத் தேர்வு: எந்தப் புத்தகத்தை வாங்குவது?

கேள்வி: என் மகள் தொடக்கக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிரிட்டனில் பல் மருத்துவம் படிக்க வேண்டும் என்று இந்த ஆண்டு அதற்கான யூகேட் (UCAT) நுழைவுத் தேர்வை எழுதப் போகிறாள். ஒரு துணைப்பாட நிலையத்தில் பன்னிரண்டு புத்தகம், எட்டு வகுப்பு, எல்லாம் சேர்த்து 3,200 சிங்கப்பூர் வெள்ளி என்கிறார்கள். இந்த வாரமே முன்பணம் கட்டினால்தான் இடமாம். இவள் அண்ணன் 2024-இல் எழுதியபோது வாங்கிய புத்தகங்கள் வீட்டில் கிடக்கின்றன. அவனுக்கு அப்போது இடம் கிடைக்கவில்லை. இப்போது தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருக்கிறான், மறுபடி முயற்சி செய்ய நினைக்கிறான். எதை வாங்குவது, எதை விடுவது?
செங்காங் வாசகி

பதில்: முன்பணம் கட்டாதீர்கள் அம்மா. "இந்த வாரமே" என்று யார் அவசரப்படுத்தினாலும் பையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

யூகேட் பாடத் தேர்வு இல்லை. உயிரியல், வேதியியல் எதுவும் கேட்க மாட்டார்கள். வேகமாகப் படித்துப் புரிந்துகொள்வது, தர்க்கமாக முடிவெடுப்பது, அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுவது, இக்கட்டான சூழலில் எப்படி நடந்துகொள்வது என்று நான்கு பகுதி. வாசிப்புப் பகுதியில் 44 கேள்விக்கு 22 நிமிடம், அதாவது கேள்விக்கு அரை நிமிடம். கணக்கில் 36 கேள்விக்கு 26 நிமிடம். கேள்விகள் அப்படியொன்றும் கடினமில்லை, நேரம்தான் கழுத்தை நெரிக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. எல்லாமே கணினித் திரையில். பன்னிரண்டு புத்தகத்தை நான் வேண்டாம் என்பதற்கு இந்தக் கடைசிச் செய்திதான் காரணம்.

என்னிடம் வந்த ஒரு மாணவி இரண்டு தடித்த புத்தகங்களை முழுக்க முடித்திருந்தாள். ஒவ்வொரு பத்தியிலும் பென்சிலால் அழகாக அடிக்கோடு போட்டிருந்தாள். அதே அளவுள்ள ஒரு பத்தியை மடிக்கணினியில் திறந்து அவள் முன் வைத்தேன். பென்சில் விரலிடுக்கில் அப்படியே நின்றது, கண் மட்டும் திரையில் மேலும் கீழும் அலைந்தது. இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டிய நான்கு கேள்விக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. தேர்வறையில் காகிதம் கிடையாது; எழுதி அழிக்கும் பலகை ஒன்றும் பேனாவும் தருவார்கள். சொந்தக் கால்குலேட்டரையும் கொண்டுபோக முடியாது. திரையில் வரும் எளிய கால்குலேட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும். விசைப்பலகையின் வலப்பக்க எண்களைப் பார்க்காமல் தட்டத் தெரிந்த பிள்ளைக்கும், சுட்டியால் ஒவ்வோர் எண்ணாக அழுத்தும் பிள்ளைக்கும் கேள்விக்குச் சில விநாடி வித்தியாசம் வரும். 36 கேள்விக்கு அதைக் கூட்டிப் பாருங்கள். இந்தப் பழக்கத்தை எந்தப் புத்தகமும் தராது. மடிக்கணினியில் எண் விசைகள் இல்லையென்றால் தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவுக்குப் பலன் உண்டு.

தேர்வை நடத்தும் கூட்டமைப்பே தன் இணையத்தளத்தில் பாட விளக்கங்கள், கேள்வித் தொகுப்பு, முழு நீளப் பயிற்சித் தேர்வுகள் எல்லாவற்றையும் இலவசமாக வைத்திருக்கிறது. தேர்வு நாளில் வரும் திரை அப்படியே அதில் இருக்கும். எந்தத் தனியார் நிறுவனத்தையும் தாங்கள் பரிந்துரைக்கவில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள். இதில் பெற்றோர் செய்யும் ஒரு பிழை, முதல் வாரத்திலேயே அத்தனை பயிற்சித் தேர்வையும் எழுத வைத்துவிடுவது. தொடக்கத்தில் ஒன்று போதும், நிலைமை தெரிந்துவிடும். மீதியைக் கடைசி இரண்டு வாரத்துக்குப் பத்திரமாக வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் கேள்வி போதவில்லை என்றால், ஏதாவது ஓர் இணையக் கேள்வி வங்கிக்கு ஆறு, எட்டு வாரச் சந்தா கட்டலாம். ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம்.

"முந்தைய ஆண்டு வினாத்தாள்கள்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். நாம் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பைப் புரட்டியே வளர்ந்த ஊர்க்காரர்கள், அந்தச் சொல்லைக் கேட்டதும் கை தானாகப் பணப்பைக்குப் போகும். யூகேட்டின் பழைய வினாத்தாளை அவர்கள் வெளியிடுவதே இல்லை. இலவசக் கேள்விகளை நகலெடுத்து, சுருள் கம்பி போட்டு, புது அட்டை ஒட்டி விற்றதை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உழைத்துச் சேர்த்த பணத்தை இப்படிப் பிடுங்குகிறார்களே என்று வயிறு எரிந்தது. "இவ்வளவு மதிப்பெண் உத்தரவாதம்" என்பதும் அதே ரகம். பல்கலைக்கழக இடத்துக்கு முகவராக இருந்துகொண்டு பயிற்சியும் விற்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். சில பல்கலைக்கழகங்கள் முகவருக்குத் தரகு தருகின்றன. அவர் காட்டும் பட்டியலில் உங்கள் மகளுக்குப் பொருத்தமானதுதான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இனி அண்ணனின் புத்தகங்கள். 2025-இல் தேர்வு மாறிவிட்டது. வடிவங்களைப் பார்த்து எந்தக் கூட்டத்தில் சேரும் என்று கண்டுபிடிக்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள். முன்பு மொத்தம் 3600-க்கு இருந்த மதிப்பெண் இப்போது 2700-க்கு. முடிவெடுக்கும் பகுதியில் 29 கேள்வி 35 ஆகிவிட்டது. ஆகவே பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள். வட்டமும் முக்கோணமுமாக ஓர் அத்தியாயம் இருந்தால் பழைய புத்தகம். அந்த அத்தியாயத்தைக் கிழித்து எறிந்துவிட்டு மீதியைப் பழகலாம், ஆனால் நேரக் கணக்கைப் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள். பிராஸ் பசா புத்தகக் கடைகளிலோ காரோசல் இணையச் சந்தையிலோ மலிவாகக் கிடைக்கும் பிமேட் (BMAT என்ற இன்னொரு மருத்துவ நுழைவுத் தேர்வு) புத்தகங்களைத் தொடவே வேண்டாம். அந்தத் தேர்வு 2023-ஓடு நின்றுவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா அந்த ஊர்ப் பல் மருத்துவ நுழைவுத் தேர்வான டேட் (DAT) புத்தகம் அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள். அது வேறு தேர்வு, அறிவியல் பாடமெல்லாம் வரும்.

மகனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தேசிய சேவைப் பிள்ளைகளின் வீடுகளில் இதில்தான் குழப்பம். யூகேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைச் சுற்றுக்கு மட்டுமே செல்லும். அவன் 2024-இல் வாங்கிய மதிப்பெண்ணை இப்போது காட்ட முடியாது. சேவை முடிந்து எந்த ஆண்டு சேர நினைக்கிறானோ, அதற்கு முந்தைய ஆண்டு ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் மறுபடி எழுத வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 15-க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். 2027-இல் சேர்வதாக இருந்தால் இந்த ஆண்டே எழுத வேண்டும், தங்கையோடு சேர்ந்து பழகலாம். தொடக்கக்கல்லூரியில் இருக்கும்போதே விண்ணப்பித்து, சேவை முடிந்து வருகிறேன் என்று ஒத்திவைத்த இடம் கையில் இருந்தால் மட்டும் மறுபடி எழுத வேண்டியதில்லை. எல்லாப் பல் மருத்துவப் பள்ளிகளும் இரண்டு ஆண்டு ஒத்திவைப்புக்கு ஒப்புக்கொள்ளாது; சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும், தொலைபேசியில் சொன்ன வார்த்தை போதாது. இன்னொன்று, ஒரு சுற்றில் ஒரு முறைதான் எழுதலாம். முகாமில் விடுப்புக் கிடைக்குமா என்று உறுதியாகத் தெரிந்த பிறகு தேதியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மகளுக்கும் தேதிதான் பெரிய தலைவலி. தேர்வு நடக்கும் அதே மாதங்களில் இங்கே ஏ நிலை முன்னோட்டத் தேர்வுகள். ஆண்டாண்டாக இந்த மோதல் இருக்கிறது, பள்ளிகள் அறியாததல்ல. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு மின்னஞ்சலும் அதில் ஓர் இணைப்பும்தான். வெளிநாட்டுச் சேர்க்கையைப் பற்றி உட்கார்ந்து பேச ஓர் ஆசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? அதைச் செய்யாததால்தான் 3,200 வெள்ளிக்காரர்கள் பிழைக்கிறார்கள். ஜூன் விடுமுறையில் தினம் ஒன்றரை மணி நேரம் பழகி, ஜூலைக் கடைசிக்குள் எழுதி முடித்துவிட்டால் முன்னோட்டத் தேர்வுக்கு மனம் விடுபடும்.

நம்முடைய சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் அவள் விண்ணப்பிக்கட்டும். அங்கே பட்டியலில் வந்தவர்களுக்கு நேர்காணலும் கைத்திறன் சோதனையும் உண்டு. கைத்திறனுக்கு என்று பயிற்சிப் பெட்டி விற்பவர்களிடம் போகாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் கடைசியில் செய்கிறார்கள். மகள் குறித்து வைத்திருக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பட்டமும் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று மன்றத்தின் இணையத்தளத்திலேயே பாருங்கள். முகவர் அச்சடித்துத் தரும் தாளில் பார்க்காதீர்கள். பட்டியலில் இல்லாத பெயரை அடித்துவிட்டு, மீதமுள்ளவை யூகேட் கேட்கின்றனவா என்று பார்த்த பிறகு கேள்வி வங்கிக்குச் சந்தா கட்டலாம்.