லத்தீன் வார்த்தைங்க மனசுல நிக்கல, என்ன பண்றது? வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

கேள்வி: ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் அண்ணா, எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரி. இப்ப லா காலேஜ் ஃபர்ஸ்ட் இயர். சீனியர் ஒருத்தர் 120 லத்தீன் வார்த்தை இருக்கிற ஜெராக்ஸ் குடுத்து மனப்பாடம் பண்ணுன்னார், ராத்திரி படிச்சா காலைல மறந்துபோகுது. கிளாஸ்ல தப்பா உச்சரிச்சா சிரிக்கிறாங்க. தமிழ் மீடியம் பசங்களுக்கு இது செட் ஆகாதோ?
– முதலாண்டு மாணவர், திண்டிவனம்

பதில்: தம்பி, 120 வார்த்தைய வெறுமனே உருப்போட்டா யாருக்குமே நிக்காது, இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கும் லத்தீன் வேத்து பாஷைதான். ஒரு வார்த்தைக்கு ஒரு வழக்குன்னு சேத்துப் புடிங்க.

ஹேபியஸ் கார்ப்பஸ எடுத்துக்குவோம். கார்ப்பஸ்னா உடம்பு, புடிச்சு வச்சிருக்கிற ஆள கோர்ட் முன்னாடி கொண்டாந்து நிறுத்துங்கிறதுதான் விஷயம். தமிழ்ல ஆட்கொணர்வு மனுன்னு எவ்ளோ நறுக்குனு வச்சிருக்காங்க பாருங்க. சென்னை ஹைகோர்ட்லயும் மதுரை பெஞ்ச்லயும் எச்.சி.பி.ன்னு சொல்றது இதத்தான். குண்டர் சட்டத்துல மகன உள்ள வச்சுட்டாங்கன்னு ஒரு அம்மா பாலிதீன் கவர்ல ஒரு கட்டு பேப்பரோட வராண்டால நிப்பாங்க, ஏன் உள்ள வச்சோம்னு அதிகாரி குடுத்த காரணமும் ஆவணமும் அந்தக் கட்டுல இருக்கும், அத பக்கம் பக்கமா புரட்டுவோம், எழுத்தே தெரியாத ஜெராக்ஸ் இருக்கா, இங்கிலீஷ் பேப்பருக்கு தமிழ் மொழிபெயர்ப்பு வச்சிருக்காங்களான்னு. பவுனம்மாள் எதிர் தமிழ்நாடு அரசு வழக்குல, 1999ல, தமிழ் மட்டுமே தெரிஞ்சவங்களுக்கு ஒரு இங்கிலீஷ் ஆவணத்தோட தமிழ் காப்பிய குடுக்கலங்கிறதுக்காகவே சுப்ரீம் கோர்ட் தடுப்புக் காவல ரத்து பண்ணிச்சு. காரணம் புரிஞ்சாதானே எதிர்த்து முறையிட முடியும், அந்த உரிமைய அரசியலமைப்பு 22(5) குடுக்குது. அந்தக் கட்டுல எது விட்டுப்போச்சுன்னு தமிழ் நல்லாத் தெரிஞ்ச கண்ணுக்குத்தான் சட்டுனு படும் தம்பி, ஆறுதலுக்குச் சொல்லல.

அடுத்தது ரெஸ் இப்ஸா லோக்விட்டர், விஷயமே பேசுதுன்னு அர்த்தம். டெல்லி சாந்தினி சவுக்ல மணிக்கூண்டு இடிஞ்சு விழுந்து ஆளுங்க செத்துட்டாங்க, கட்டடம் கிட்டத்தட்ட 80 வருஷம் பழசு. குடும்பங்க மாநகராட்சி மேல கேஸ் போட்டாங்க (சுபாக்வந்தி வழக்கு, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 1966ல). ஒழுங்கா பராமரிச்சிருந்தா மணிக்கூண்டு அதுபாட்டுக்கு ரோட்ல விழுமா? அதனால அலட்சியம் இருந்துச்சுன்னு அந்தக் குடும்பங்க தனியா நிரூபிக்க வேண்டியிருக்கல. இனிமே அந்த வார்த்தைய கேட்டா உங்களுக்கு மணிக்கூண்டு ஞாபகம் வரும்.

மென்ஸ் ரியான்னா குற்ற மனசு, அவ்ளோதான். ரெஸ் ஜுடிகாட்டாவுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 11ஆவது பிரிவ நிதானமா படிங்க, முடிஞ்சுபோன வழக்க அதே ஆளுங்க திரும்பக் கிளப்ப முடியாதுங்கிறதுதான் அது.

இங்கிலாந்துல 1999ல சிவில் விதிகள மாத்தினப்ப லத்தீன நிறைய கழிச்சுட்டாங்க. நமக்கு அந்த வசதி இல்ல, மாண்டமஸ், செர்ஷியோராரி, குவோ வாரண்டோன்னு கோர்ட் போடற ரிட் உத்தரவுங்களோட பேரெல்லாம் அரசியலமைப்பு 32ஆவது பிரிவுலயே எழுதியிருக்கு. உச்சரிப்புக்கு பயப்படாதீங்க, கோர்ட்ல ஆளுக்கொரு மாதிரிதான் சொல்றாங்க. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், நீங்க வழக்க சொல்லுங்க.

கேள்வி: சுவோ மோட்டோவா, சுவோ மோட்டுவா? பேப்பர்ல ரெண்டும் வருதே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மோட்டுதாம்மா சரி. யாரும் மனு போடாமலே கோர்ட் தானா முன்வந்து எடுத்துக்கிற வழக்கு. பரீட்சைல தமிழ்ல எழுதறதா இருந்தா தாமாக முன்வந்துன்னு எழுதுங்க, எழுத்துப்பிழைக்கு இடமே இல்ல.