ரெய்டை ஓட்டுவது யார்?

அன்புள்ள ஐயா,

அலுவலக லினக்ஸ் சர்வரில் இரண்டு டிஸ்க்குகளை எம்டிஆடம் கட்டளையால் ரெய்டு 1 ஆக, அதாவது ஒரே தரவு இரண்டிலும் பதியும் மிரராக, சேர்த்தேன். கட்டளை முடிந்ததும் பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களில் எம்டிஆடமைக் காணோம். அப்படியானால் இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது யார்? அந்த நிரலையே அழித்துவிட்டால் மிரர் நின்றுவிடுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிற்காது. எம்டிஆடம் கல்யாணத் தரகர் மாதிரி. சேர்த்து வைத்ததோடு சரி, குடித்தனம் நடத்துவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் எம்டி டிரைவர். நீங்கள் சேமிக்கும் ஒரு பைட்கூட எம்டிஆடம் வழியாகப் போவதில்லை. ஆனால் அழித்துவிடாதீர்கள். ரெய்டின் அமைப்பை டிஸ்க்கிலேயே குறித்துவைக்கும் மெட்டாடேட்டாவில், இன்றைய 1.2 வகையைப் பார்த்துத் தானாக ரெய்டைக் கூட்டக் கெர்னலுக்குத் தெரியாது; பழைய 0.90 வகைக்குத்தான் அந்த வசதி. அதனால் ஒவ்வொரு பூட்டுக்கும் தரகர் வந்தாக வேண்டும்.

இருவரும் பேசிக்கொள்ள இரண்டு வழிகள். ரெய்டைக் கூட்டும்போது எம்டிஆடம் அதன் டிவைஸ் ஃபைலைத் திறந்து ஐஆக்டல் அழைப்புகளை (டிரைவருக்கு நேரடியாகத் தரும் கட்டளைகளை) அனுப்பும்: ரெய்டின் விவரம் இது, இந்த டிஸ்க்கைச் சேர், அந்த டிஸ்க்கைச் சேர், ஓட்டு. இன்னொரு வழி, கெர்னல் தன் நிலையை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ். அங்கே ஃபைல்களில் சாதாரணச் சொற்களை எழுதினாலே போதும். சிங்க் ஆக்‌ஷன் என்ற ஃபைலில் 'செக்' என்று எழுதினால் டிரைவர் இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட ஆரம்பித்துவிடும். பொருந்தாதவற்றின் எண்ணிக்கையைப் பக்கத்து ஃபைலில் படிக்கலாம். (ரெய்டு 1-இல் ஸ்வாப், அதாவது நினைவகம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம், இருந்தால் அது பூஜ்யமாக இல்லாமல் இருக்கலாம். பதற வேண்டாம்.)

டிஸ்க் செத்தால்? கெர்னல் அதை ஒதுக்கிவிட்டு மற்றதில் எழுதிக்கொண்டே போகும். லாகில் சில வரிகள் விழும். ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைலில், டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு 'யு' நின்ற இடத்தில் ஒரு 'யு'வும் ஓர் அடிக்கோடும் நிற்கும். அவ்வளவுதான், யாரையும் கூப்பிட்டுச் சொல்லாது. அந்த ஃபைல் மாறுகிறதா என்று காத்திருந்து மடல் அனுப்புவது எம்டிஆடமின் மானிட்டர் வேலை. அது ஓடவில்லையென்றால் இரண்டாவது டிஸ்க்கும் போகிற அன்றுதான் உங்களுக்குத் தெரியவரும்.

நிரல் செத்தால் டிஸ்க்கில் எழுதுவதும் நிற்கிற இடம் ஒன்று உண்டு: இன்டெல் மதர்போர்டு ரெய்டு. அந்த மெட்டாடேட்டாவை எழுதக் கெர்னலுக்குத் தெரியாது. எம்டிமான் என்ற நிரல்தான் எழுதும். சும்மா இருந்த ரெய்டில் எழுத முதல் தரவு வந்ததும் டிரைவர் அதை நிறுத்திவைக்கும். எம்டிமான் மெட்டாடேட்டாவைத் திருத்திவிட்டு சிஸ்எஃப்எஸ்-இல் 'ஆக்டிவ்' என்று எழுதிய பிறகுதான் அது டிஸ்க்குக்குப் போகும். லினக்ஸே குடியிருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டம் அந்த ரெய்டில் இருந்தால், ஷட்டவுனில் மற்ற நிரல்களை நிறுத்தும் சிஸ்டம்டி தன்னையும் கொன்றுவிடாமலிருக்க எம்டிமான் தன் பெயரின் முதல் எழுத்தை '@' என்று மாற்றிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான்.

உங்களுடையது சாதாரண ரெய்டு என்பதால் இந்தக் கவலை இல்லை. மானிட்டரை மட்டும் டெஸ்ட் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டி, மடல் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் முதலில் கான்ஃபிக் ஃபைலில் மடல் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.