திருகோணமலை நிலாவெளிக்கு வர விமானமா, கப்பலா, ரயிலா?

டிசம்பர் லீவில் அம்மா அப்பாவோடு சென்னையிலிருந்து வந்து நிலாவெளிக் கடலும் புறாமலைத் தீவும் பார்க்க எந்த வழி வசதி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்து வளர்ந்து இன்றும் இருப்பது திருகோணமலையில்தான். வழி பல இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முதல் மாதத்தை மாற்றுங்கள்.

டிசம்பரில் தென்மேற்குக் கரையில், காலி நகரம், ஹிக்கடுவைப் பக்கம் கடல் குளம்போலக் கிடக்கும். அதே நாட்களில் எங்கள் பக்கம் வாடைக்காற்றும் மாரி மழையும். மே தொடங்கி செப்டம்பர் வரை இது தலைகீழ். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், கரையோரம் அலை அடங்கிப்போகும்.

1990இல் இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போன என் மாமி, பல வருடம் கழித்து முதல்முறை திரும்பி வந்தது ஒரு டிசம்பரில். நிலாவெளியில் படகுகளையெல்லாம் இழுத்து மேட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். புறாமலை கண்ணெதிரே, ஒரு கிலோமீற்றர் தூரம்தான். மாமி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தூறலில் அரை மணி நேரம் நின்றார். "அம்மா, இண்டைக்கு ஏலாது, கடல் சரியில்லை" என்று படகுக்காரத் தம்பி இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஆகக்கூடாது.

சரி, ஜூன் ஜூலையில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் கொழும்புக்கு டிக்கெட் போடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு அது சுற்று வழி. 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, சென்னையிலிருந்து நேரே பறக்கலாம். ஏ.டி.ஆர். ரக விமானம், ஒன்றேகால் மணி நேரம் அளவில் வந்து இறங்கிவிடுவீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு நேர் பஸ் உண்டு. ஏ9 வீதியால் வவுனியா, பிறகு ஹொரவப்பொத்தானை வழியாக ஐந்தாறு மணி நேரம். வயதானவர்கள் இருப்பதால் அன்றிரவு யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டு, அடுத்த நாள் விடிய வான் ஒன்று பிடித்து வருவதுதான் நல்லது. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடல்வழி என்றால் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். மாரிக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அதனால் ஓடுகிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திய பிறகே மற்ற ஏற்பாடு செய்யுங்கள். திருகோணமலையிலேயே எவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகம் இருக்கிறது, இந்தியாவிலிருந்து வழக்கமான பயணிகள் கப்பல் சேவை இல்லை என்பது எங்களுக்கு நெடுநாள் மனக்குறை.

கொழும்பில் உங்களுக்கு வேலை இருந்தால் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து இரவு ரயில். கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து, கந்தளாய், சீனக்குடா தாண்டி விடியும் பொழுதில் திருகோணமலை. காரில் வந்தால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவே பொழுதுபட்ட பிறகு ஓடாதீர்கள், யானை வீதிக்கு வரும். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து சீனக்குடா விமானப்படைத் தளத்துக்குச் சிறு விமானத்திலும் வரலாம், காசுதான் அதிகம். மட்டக்களப்பிலிருந்து வருவது இப்போது சுகம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து, அதில் வாகனத்தை ஏற்றித்தான் தண்ணீரைக் கடக்கவேண்டியிருந்தது.

திருகோணமலை பஸ் நிலையத்தில் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் சரி, பதினைந்து கிலோமீற்றர் அளவுதான். புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, ஆகவே கரையிலேயே வனஜீவராசித் திணைக்களத்தின் டிக்கெட் எடுக்கவேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். காலையில் முதல் படகிலேயே போய்விடுங்கள். வெயில் ஏற ஏற கூட்டமும் ஏறும். கண்ணாடி மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே மீன் தெரியும். கரும்முனைச் சுறாக் குட்டிகள் இடுப்பளவு தண்ணீரில் ஓடும், ஒன்றும் செய்யாது. தயவுசெய்து பவளப்பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள். மேலே கல் மாதிரி இருந்தாலும் அது உயிர், மிதித்த இடம் செத்துப்போகும்.

மாமி அடுத்த தரம் ஜூலையில் வந்தார். அதே தம்பிதான் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினான். பத்து நிமிடத்தில் புறாமலை மணலில் இறங்கி, அப்படியே முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டார்.