முனைக்கு அந்தப் பக்கம் என்ன?

கே: சுவருக்குப் பின்னால் இருப்பதைக் கேமராவில் பார்க்கலாம் என்கிறார்களே, எக்ஸ்ரே மாதிரி துளைத்துக்கொண்டு போகிறதா?

துளைப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. வராந்தா திரும்பும் இடத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியில் லேசரை ஒரு கணம் அடித்தால் வெளிச்சம் நாலாபுறமும் சிதறும். அதில் கொஞ்சம் அந்தப் பக்கம் நிற்பவர் மேல் பட்டு, மறுபடி சுவருக்கு வந்து, கேமராவை எட்டும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைச் சுண்ணாம்புச் சுவர் கலைத்துவிடும். எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதைக் கலைக்க அதனால் முடியாது. பிடி கிடைப்பது அங்கேதான்.

ஒரு பிக்கோசெகண்டில், அதாவது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில், ஒளி 0.3 மில்லிமீட்டர் போகும். நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். லேசர் படும் புள்ளியையே கேமராவும் பார்த்தால், அந்தப் புள்ளியிலிருந்து பொருளுக்கு ஒளி போய்வந்த தூரத்தில் பாதியை ஆரமாகக் கொண்ட கோளத்தில் பொருள் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சரி, எங்கே? சுவரில் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் அடித்து, கோளங்கள் எங்கெங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கணக்குப் போட்டால் உருவம் எழும்பி வரும்.

எம்ஐடி மீடியா லேபில் ஆண்ட்ரியாஸ் வெல்டன், நாசிக்கில் பிறந்த ரமேஷ் ரஸ்கர் குழுவினர் 2012-ல் ஒரு மரப் பொம்மையின் முப்பரிமாண உருவத்தை இப்படித்தான் மீட்டார்கள். 2019-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு இதற்கு எடுத்துக்கொண்டது, நிலத்தடிப் பாறை அடுக்குகளைக் கண்டறிய நிலநடுக்க அலைகளுக்குப் போடும் கணக்கை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கடன் இதுதான்.

கே: லேசர் இல்லாமல், சாதாரணக் கேமராவில்?

ஓரளவு முடியும். 2019-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் விவேக் கோயல் குழு செய்து காட்டியது. மறைந்திருந்தது ஒரு கணினித் திரை. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு பொருள் இருந்ததால், சுவரில் மங்கலான நிழல் விழுந்தது. அந்த மங்கலிலிருந்தே திரையில் இருந்த படத்தை மீட்டார்கள். மறைக்கும் பொருளே உதவிக்கு வருகிறது, வேடிக்கைதான்! போனில் ஆப் வருமா என்றால், இப்போதைக்கு ஆசைப்படாதீர்கள்.

கே: திருப்பத்தில் வரும் வண்டியைக் கார் முன்கூட்டியே பார்த்துவிடுமா?

தூரம்தான் எதிரி. சாதாரணப் பரப்பாக இருந்தால், சுவரிலிருந்து அது இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் திரும்பும் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். வந்த வழியே ஒளியைத் திருப்பும் சாலைப் பலகைகள், நம்பர் பிளேட்டுகள் பரவாயில்லை. அவைதான் முதலில் சிக்கும். அப்புறம், பகல் வெயில் வேறு தொல்லை.

கே: சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் தப்பிக்கலாமா?

பெரும்பாலும். ஒளி சுவரில் இரண்டு முறை படுகிறது. பத்தில் ஒரு பங்கை மட்டும் திருப்பும் கறுப்பு என்றால், இரண்டுக்கும் சேர்த்து நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்து, ஒலியாலேயே முனைக்கு அப்பால் பார்த்த ஆய்வும் 2019-ல் வந்துவிட்டது. ஒலிக்குச் சுவரின் நிறம் ஒரு பொருட்டே இல்லை.