பறக்கும் தட்டுகளை சி.ஐ.ஏ. ஏன் விசாரித்தது?

வேற்றுக்கிரகவாசிகள் வரவில்லையென்றால் அமெரிக்க உளவுத்துறை எதற்காகப் பறக்கும் தட்டுகளை விசாரித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் சோவியத் பயம். 1952 ஜூலையில் வாஷிங்டன் ராடார் திரைகளில் புரியாத புள்ளிகள் தெரிந்தன. அடுத்த ஜனவரியில் இயற்பியலாளர் ராபர்ட்சன் தலைமையில் சி.ஐ.ஏ. ஒரு குழுவைக் கூட்டியது. தட்டுகளால் நேரடி ஆபத்து இல்லை, ஆனால் புகார்கள் குவிந்து தகவல் தொடர்பை அடைத்துக்கொண்டால் நிஜமான சோவியத் தாக்குதலைக் கோட்டை விட்டுவிடுவோம் என்று அந்தக் குழு கவலைப்பட்டது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1955-ல் சி.ஐ.ஏ.வின் யூ-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் பறக்கத் தொடங்கியது. பயணிகள் விமானங்கள் அப்போது பெரும்பாலும் 10,000 முதல் 20,000 அடியில்தான் போகும். மாலையில் அந்த உயரத்தில் இருட்டிவிட்டாலும், மேலே யூ-2-இன் வெள்ளி நிற இறக்கையில் வெயில் படும். கீழிருந்து பார்க்கும் விமானிக்கு நெருப்புக் கோளம் போலத் தெரியும். பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த விமானப்படையின் புளூ புக் திட்ட அதிகாரிகள் சி.ஐ.ஏ.விடம் கேட்டு, யூ-2 பறந்த நேரங்களோடு ஒப்பிட்டுப் பல புகார்களுக்கு விடை கண்டார்கள். ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. பனிப்படிகம், காற்றின் வெப்பநிலை மாற்றம் என்று ஏதோ சொல்லி அனுப்பினார்கள். கண்ணால் கண்டதை இப்படித் தட்டிக்கழித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மூடிமறைத்தது உண்மைதான், மறைத்தது தங்கள் சொந்த விமானத்தை.

1969-ல் புளூ புக் மூடப்பட்டபோது 12,618 புகார்களில் 701-க்கு விடை கிடைத்திருக்கவில்லை. அந்தக் கோப்புகள் இப்போது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.